நோம்பு நூல்

கிட்டுசாமி செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஊரார் வாயில் புழங்கிய பெயரை அப்படியே ஒரு தகரப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் புறப்பட்டது. பல்லடம் ரோட்டிலிருந்து வீரபாண்டிப் பக்கம் பிரிகிற ஒரு சந்தில் அவர் வீடு. அவருடைய சம்சாரம் பழனாத்தாள் கோதுமை மாவை மூன்று தரம் சலித்துப் பிசைந்து, பித்தளை அச்சில் பிழிந்து, இழை இழையாக மூங்கிலில் தொங்கவிட்டுக் காயவைப்பாள். அதை நெய்யில் வறுத்துப் பாலில் வேகவைத்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டால் சஷ்டி விரதக்காரர்களுக்கு ஒருவேளை ஆகாரம். அரிசி தொடாத நாளில் அதுதான் வயிற்றைத் தாங்கும். வேறு ஊராக இருந்தால் சேமியா என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இது திருப்பூர். நூலில் நம்பர் கூடக்கூட இழை மெல்லிசு என்பதால், இங்கே ஒல்லியான மாப்பிள்ளையை அறுபதாம் நம்பர் என்பார்கள். தலை நரைத்தவரைப் பார்த்து, பிளீச்சிங் ஆயிடுச்சா என்பார்கள். மூங்கிலில் வெள்ளையாகத் தொங்குவதைப் பார்த்தவர்கள் அதற்கு நோம்பு நூல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

‘நோம்பு நூல் இங்கே கிடைக்கும்.’ இவ்வளவுதான் பலகையில் இருந்தது.

அணா போய்ப் புதுக்காசு வந்த புதிது அது. நூலுக்கு சர்க்கார் கட்டுப்பாடு இருந்தது. கட்டுப்பாட்டைக் கவனிக்க டவுனில் ஒரு மாடியில் இழைப்பொருள் ஒழுங்காணையம் என்று ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். மில்லிலிருந்து புறப்படுகிற நூல் எங்கே காணாமல் போகிறது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. நூல் தொடர்ந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆகவே ஆபீஸும் வளர்ந்துகொண்டிருந்தது. மாடி போதாமல் கீழ்த்தளத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பொங்கலூரிலிருந்து ஒருத்தரை, கிணற்றுக் கயிறு விஷயமாக ஒரு சின்ன விளக்கம் கேட்க வேண்டும் என்று ஜீப்பில் அழைத்துப் போனார்கள். விளக்கம் இன்னும் முடியவில்லை என்று அவர் வீட்டாரிடம் மாதம் தவறாமல் வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சஷ்டி தொடங்கிய அன்று காலையில் எதிர்வீட்டு மாரக்காள் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

“பழனாக்கா, எனக்கு அரை ராத்தல் நாப்பதாம் நம்பர் வெச்சிருங்க. எங்க ஊட்டுக்காரருக்கு இருபதாம் நம்பரே போதும். அவரு நோம்பு வாய்ப்பேச்சோட சரி.”

“அவருக்கு நூல் எதுக்கு புள்ள, கயிறே குடுக்கறேன்” என்றாள் பழனாத்தாள் உள்ளேயிருந்து.

இந்தப் பேச்சை சந்து முனையில் சைக்கிளை நிறுத்தி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆணையத்தின் இன்ஸ்பெக்டர் லிங்கசாமி. தங்கமான மனிதர். யாரையும் ஒருமையில் பேசியது கிடையாது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, பலகையைப் படித்து, மூங்கிலில் தொங்குவதை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, இது என்னுங்க?”

“நூலுங்க” என்றார் கிட்டுசாமி.

“என்ன நம்பருங்க?”

“இருபது, முப்பது, நாப்பதுங்க. சொல்லி வெச்சா அறுபது கூட இழுத்துத் தருவா.”

“லைசென்சு?”

“நோம்புக்கு எதுக்குங்க லைசென்சு?”

லிங்கசாமி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அவருடைய உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை. பையிலிருந்து அரக்கும் முத்திரையும் எடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்க. சீல் வெக்கறனுங்க.”

காய்ந்தது, காயாதது, டின்னில் கிடந்தது எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டி, பித்தளை அச்சையும் சேர்த்து முத்திரை வைத்தார். முத்திரை காய்கிற வரைக்கும் ஊதிக்கூட விட்டார். கிட்டுசாமி, அது தின்கிற பண்டம் என்று அப்போதுதான் சொன்னார். லிங்கசாமி வருத்தமாகத் தலையாட்டினார். பிடிபட்ட பிறகு எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்லத்தான் செய்வார்கள் என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

பழனாத்தாள் கையில் மாவோடு வெளியே வந்தாள்.

“இதையும் கட்டிக்கிட்டுப் போயிட்டா நான் என்னத்த உங்கறது?”

“அது எங்க டிபார்ட்மெண்ட்ல வராதுங்க அம்மிணி” என்றார் லிங்கசாமி.

அவள் கேட்டது வெறும் பேச்சல்ல. நாலு வருஷத்துக்கு முன் கிட்டுசாமி நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது அவள் முருகனுக்கு நேர்ந்துகொண்டது அது. ஒவ்வொரு சஷ்டிக்கும் ஆறு நாளும் அச்சில் தன் கையால் பிழிந்ததை மட்டும் ஒருவேளை உண்பேன், வேறெதுவும் பல்லில் படாது என்று. சாமியிடம் சொன்ன சொல்லை அவள் மாற்ற மாட்டாள். கிட்டுசாமிக்கு அது தெரியும். அதனால்தான் அவர் அன்று மத்தியானமே வேட்டியை மாற்றிக்கொண்டு ஆணையத்துக்குப் போனார்.

ஆணையத்தின் அதிகாரி மாடியில், வடக்குப் பார்த்த அறையில் இருந்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மேஜைமேல் அந்தச் சாக்கு இருந்தது; பக்கத்தில் நோட்டோடு லிங்கசாமி நின்றார். அவர் கிட்டுசாமியை உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலி இல்லை என்பதைக் கவனிக்காமல் பேச ஆரம்பித்தார்.

“பாருங்கள், நான் திறந்த மனசுக்காரன். பேர் நூல். பலகையிலேயே இருக்கிறது. உருவம் நூல். தொங்குகிற விதம் நூல். விற்கிற அளவு ராத்தல். நம்பர் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஐந்து விஷயம் நூல் என்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்கிறீர்கள். நான் எந்தப் பக்கம் நிற்கட்டும்?”

“ஒரு இழை வாயில வெச்சுப் பாருங்க சார். தெரிஞ்சு போயிரும்.”

அதிகாரியின் முகம் மாறியது. “கட்டுப்பாட்டுப் பொருளை சர்க்கார் ஊழியர் வாயில் வைப்பதா? என் சர்வீசில் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. லிங்கசாமி, இதையும் சேர்த்துக்கொள். தூண்டுதல்.”

சாக்கின் அடியிலிருந்து எறும்புச் சாரை ஒன்று மேஜைக் கால் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. கிட்டுசாமி அதைக் காட்டினார்.

“சார், எறும்பு நூலைத் திங்குமுங்களா?”

அதிகாரி குனிந்து பார்த்தார். “எறும்புக்கு விதி தெரியாது” என்றார். “நமக்குத் தெரியும்.”

அன்றிலிருந்து சாக்குக்கு ஒரு காவல் போட்டார்கள்.

கிட்டுசாமி வீட்டுக்குத் திரும்பியபோது பழனாத்தாள் தண்ணீர் குடித்துவிட்டு விளக்கேற்றி உட்கார்ந்திருந்தாள்.

“ரொட்டியாத் தட்டிக்கலாமில்ல. அதே மாவுதானே புள்ள” என்றார்.

“அச்சுல பிழிஞ்சதுன்னு சொன்னனுங்க. தட்டினதுன்னு சொல்லலீங்க.”

“பாலாச்சும் குடி.”

“நீங்க சாப்புடுங்க. உங்களுக்காகத்தான் நான் நோம்பு இருக்கறது.”

மாரக்காளிடம் முறுக்கு அச்சு இரவல் கேட்கலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனார். மாரக்காள் கதவைக் கால்வாசி திறந்தாள். அச்சு இல்லை என்றாள். எங்கே போச்சு என்றதற்கு, அதை வைத்திருந்ததே ஞாபகம் இல்லை என்றாள். இழை வடிவில் எதையும் பிழியக்கூடாது என்று சந்தில் தண்டோரா போட்டிருந்தார்களாம். கேட்காமலேயே எல்லா வீட்டுக்காரர்களும் முறுக்கு அச்சு, ஓமப்பொடி அச்சு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் காபி வடிகட்டியையும் கொடுத்தார். அதில் ஓட்டை இருந்தது என்பதால்.

மறுநாள் ஆணையம் சோதனையில் இறங்கியது. விஞ்ஞான முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்பதில் அதிகாரி உறுதியாக இருந்தார். கிட்டுசாமியைக் கூப்பிட்டு சாட்சியாக நிறுத்திக்கொண்டார்கள்.

முதலில் சாயப்பட்டறையில் ஒரு அண்டாத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஒரு கை போட்டார்கள். நல்ல நூல் கொதித்தாலும் தாங்கும். இது குழைந்தது. பட்டறை முழுக்கக் கோதுமை வாசம் வந்தது. வேலையாட்கள் கிண்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். லிங்கசாமியும் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு, ‘ஈரத்தில் கரைகிறது’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து ஒரு பனியன் கம்பெனி. பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷினில் நூலைக் கோத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. அங்கே மேஸ்திரி நஞ்சப்பன், அவரும் இதே சந்துக்காரர், வருஷா வருஷம் நோம்பு நூல் வாங்கி உண்கிறவர். கிட்டுசாமியைக் கண்டதும் மிஷினைத் துடைக்கக் குனிந்துகொண்டார்.

“ஏனுங் மேஸ்திரி, இது மிஷின்ல ஓடுமுங்களா, நீங்களே சொல்லுங்க” என்றார் கிட்டுசாமி.

“ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்” என்றார் நஞ்சப்பன், அதிகாரியைப் பார்த்துக்கொண்டே. கோத்தார். சுவிட்சைப் போட்டார். மாவுத்தூள் பறந்தது. ஊசிகள் வரிசையாக முறிந்தன. மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

அதிகாரி அந்தத் தூளைக் கர்ச்சீப்பால் தட்டிவிட்டுக்கொண்டு, அங்கே கூடிய தொழிலாளிகளைப் பார்த்துப் பேசினார்.

“நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். இந்த நூலில் ஒருவன் பனியன் போட்டுக்கொள்கிறான். மழை வருகிறது. அவன் கதி என்ன? நடுரோட்டில் அவன் மானம் கரைந்து ஓடும். இவர்கள் நமக்கு விற்றது அப்படிப்பட்ட நூல். அதுவும் கடவுள் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆணையம் இல்லாவிட்டால் இன்று ஊரில் எத்தனை பேர் அம்மணமாக நின்றிருப்பீர்கள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது.”

தொழிலாளிகள் கை தட்டினார்கள். யார் முதலில் தட்டியது என்று தெரியவில்லை. நிறுத்துவது யார் என்று தெரியாததால் நெடுநேரம் தட்டினார்கள். கிட்டுசாமியும் தட்டினார். எல்லோரும் அவரையே பார்த்ததால்.

லைசென்ஸ் இல்லாத நூல் என்ற குற்றத்தோடு, வலு இல்லாத நூல் என்ற குற்றமும், மிஷினுக்குச் சேதம் என்ற குற்றமும் சேர்ந்தன. அவற்றைக்கூட கிட்டுசாமி தாங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் லிங்கசாமி வீடு தேடி வந்து சொன்ன விஷயம் அப்படி இல்லை.

“சித்தெ உக்காருங்க, சொல்றேன்” என்றார் லிங்கசாமி. “இப்ப ஆபீஸ்ல ஒரு கேள்வி வந்துருக்குதுங்க. இத்தன வருஷமா வித்த நூலெல்லாம் எங்கெ? வாங்குனவங்க ஊட்டுல இல்லீங்க. தின்னுட்டாங்கன்னு நீங்க சொல்றீங்க. நூலைத் தின்னா அது சரக்கை அழிச்ச குத்தமாகுமா, இல்லீனா மறைச்சு வெச்ச குத்தமாகுமா? நேத்துலருந்து விவாதம். அதிகாரி கடைசியில, வயிறும் ஒரு குடோன்தான்னுட்டார்.”

“அப்படீன்னா?”

“ரெண்டுமே ஆகுமுங்க. நாளைக்கு உங்க சந்துலயே விசாரணை. தின்னவங்களை எல்லாம் கூப்புடறாங்க.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இன்னொண்ணுங்க. நூல் திங்கறவங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு ஒரு பிரிவு இருக்குது. அவங்களை வைத்தியத்துக்கு அனுப்பிச்சுப் போடலாம். ஜீப்புல போன பொங்கலூர்க்காரர் கயிறைப் பல்லுல கடிச்சாருங்களாம். முடிச்சு அவுக்கத்தான். யாரு கேக்கறாங்க?”

உள்ளே பழனாத்தாள் சுவரில் சாய்ந்து கந்தர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிட்டுசாமி அவளிடம் இதைச் சொன்னார். நாளைக்குக் கேட்டால் தின்பதில்லை என்று மட்டும் சொல்லிவிடு என்றார்.

“எதைத் திங்கறதில்லைன்னு சொல்லோணும்?”

“நோம்பு நூலை.”

“அதைத்தானுங்க தின்னுக்கிட்டிருக்கறேன்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குத்தான் ஏதோ மறந்துபோய்விட்டது போலச் சொன்னாள்.

மறுநாள் சந்தில் மேஜை போட்டார்கள். மேஜைமேல் சாக்கு. பக்கத்தில் ஒரு ஜீப், பின்கதவு திறந்தபடி. சந்துக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். பாதிப் பேர் விரதம். எல்லோருடைய முகமும் வாடியிருந்தது. அதிகாரி எழுந்து, இது மிரட்டல் அல்ல, மனம்விட்டுப் பேசுகிற ஒரு சந்தர்ப்பம் என்று விளக்கினார். மனம்விட்டுப் பேசாதவர்களுக்கு என்ன தண்டனை என்பதையும் விளக்கினார்.

முதலில் மாரக்காளைக் கூப்பிட்டார்கள்.

“நீங்கள் இந்த நூலை வாங்கியது உண்டா?”

“உண்டுங்க.”

“தின்றீர்களா?”

மாரக்காள் ஜீப்பைப் பார்த்தாள். “ஐயோ சாமி, நூலை யாருங்க திம்பாங்க? கந்தல் தைக்கறதுக்கு வாங்கினேன். கொஞ்சம் உளுத்த நூலுங்க. தைச்சதெல்லாம் பிரிஞ்சு போச்சு.”

அடுத்தது நஞ்சப்பன். சாமிக்கு நேர்ந்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வாங்கியதாகச் சொன்னார். அதுதான் நோம்பு நூல் என்று பேர் என்றார். வெற்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். குளிக்கும்போது கரைந்துவிட்டது என்றார். பூ கட்ட வாங்கினோம் என்றார்கள் சிலர். பட்டம் விட வாங்கினோம் என்றார் ஒரு கிழவர். ஒவ்வொருத்தர் சொல்லச் சொல்ல அடுத்தவருக்குத் தைரியம் வந்தது. கடைசியில் நின்றவர்கள், போன தீபாவளிக்கு அந்த நூலில் வேட்டியே நெய்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் மீசையில் சென்ற வருஷம் அந்த நூல் போட்ட பாயசம் ஒட்டியிருந்ததைக் கிட்டுசாமி தன் கண்ணால் பார்த்து, துடைத்துக்கொள்ளச் சொன்னவர்.

யாரும் அவர்மேல் பகையோடு சொல்லவில்லை. மாரக்காள் திரும்பிப் போகும்போது பக்கத்தில் வந்து, “தப்பா நெனைக்காதீங்கண்ணா, எனக்குப் புள்ளைங்க இருக்குது” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் போனாள்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. “ஆக, இது நூல். ஊரே சொல்கிறது. நான் சொல்லவில்லை” என்றார்.

பிறகு பழனாத்தாளைக் கூப்பிட்டார்கள். அவளால் நிற்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்கள் இதைத் தின்பதுண்டா?”

“உண்டுங்க. இத்தன நாளும் நீங்க குடுக்கலை.”

“நூலை?”

“அப்படித்தான் பேருங்க.”

“மறுபடி யோசித்துச் சொல்லுங்கள். உங்கள் சந்தில் யாருமே தின்பதில்லை.”

பழனாத்தாள் சுவரோரத்தில் நின்றவர்களை ஒரு முறை பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் சாக்கின் வாயை விலக்கினாள். கண்ணை மூடி, ‘முருகா’ என்றாள். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள். காய்ந்த இழைகள் நொறுங்குகிற சத்தம் அந்த அமைதியில் நன்றாகவே கேட்டது. அதிகாரி விதிப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மென்று முடிக்கும்வரை யாரும் தடுக்கவில்லை. முடித்ததும் அதிகாரி மிகவும் கனிவான குரலில் சொன்னார்: “பாவம். நல்ல குடும்பத்துப் பெண்ணாகத் தெரிகிறது. எழுது லிங்கசாமி. நூல் உண்ணும் வழக்கமுள்ளவர். கண்ணால் கண்டோம். சிகிச்சை தேவை. உங்களுக்கு ஒன்றும் குறை வராது அம்மா. அங்கே நல்ல ஆகாரம் கொடுப்பார்கள். நோம்பு கீம்பு என்று இருக்க விடமாட்டார்கள்.”

ஆணையம் அழைத்து வந்திருந்த இரண்டு ஆயாக்கள் பழனாத்தாளை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

பாக்கி இருந்தது கிட்டுசாமி ஒருவர். லிங்கசாமி அவரைத் தோளைத் தொட்டு ஒதுக்கமாக அழைத்துப் போனார்.

“நூலுன்னு ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க. குத்தமெல்லாம் அபராதத்தோட போயிரும். லைசென்சுக்கு நானே ஏற்பாடு பண்றேன். அச்சு திரும்பி வந்துரும். அம்மிணியை ஒரு மாசம், ரெண்டு மாசம்...”

கிட்டுசாமி சாதுவான மனிதர். ஆணையத்தில் அன்று நாற்காலி இல்லை என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. மேஜைக்கு வந்து நின்றார். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “இது என்ன?” என்றார்.

கிட்டுசாமி ஜீப்பைப் பார்த்தார். பழனாத்தாள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கில் கை விட்டு எடுத்தார். ஒட்டியிருந்த எறும்பை ஊதிவிட்டார். வாயில் போட்டு மெதுவாக மென்று விழுங்கினார்.

“கொஞ்சம் காஞ்சு போச்சுங்க. பால்ல போட்டாச் சரியாயிரும்” என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். “புருஷனுக்கும் இருக்கிறது. தொத்து வியாதியாக இருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரே வண்டி போதும், லிங்கசாமி. சர்க்காருக்கு மிச்சம்.”

கிட்டுசாமி தானாகவே நடந்துபோய் ஏறினார். பழனாத்தாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அதிகாரி சுவரோரத்தில் நின்ற கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “தொத்து என்பதால் கேட்கிறேன். வேறு யாருக்காவது இதைப் பார்த்தால் தின்னத் தோன்றுகிறதா?”

உச்சிவெயில். திறந்த சாக்கிலிருந்து கோதுமை வாசம் வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் உண்ணாத கூட்டத்தில் யாரோ ஒருத்தர் எச்சில் விழுங்கினார்.

லிங்கசாமி சத்தம் வந்த பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.